குழம்பு கொதிக்கும்போதே உப்பு பாருங்க: கம்ப்யூட்டர் கேள்வி பதில்

போன மாசம் ஒரு வாசகர் "கோ லாங்குவேஜ்ல கோ டாட் மாட்னு ஒரு ஃபைல் இருக்கே, அது எதுக்கு"ன்னு கேட்டிருந்தார், கோங்கிற புரோகிராமிங் லாங்குவேஜ்ல எழுதின ஒரு புரோகிராம் வெளிய இருந்து எந்தக் கோடை எந்த வெர்ஷன்ல எடுக்குதுன்னு எழுதி வெக்கிற ஃபைல் அதுன்னு நாலு வரியில பதில் சொல்லியிருந்தேன். அதுக்கப்புறம் வந்த கடிதம், மெயில்ல பாதிக்கு மேல அந்த மாட்யூல் விஷயத்தையே பிடிச்சுக்கிட்டு வந்திருக்கு. அதுலயும் ஒரு தம்பி கேட்ட கேள்வி ரெண்டு நாளா மனசுலயே ஓடிட்டு இருந்துச்சு. அதனால இந்த மாசம் முழுக்க இதுதான், பிரின்டர் ரிப்பேர், போன் ஹேங் ஆகுறது எல்லாம் அடுத்த மாசம் பாத்துக்கலாம்.

கேள்வி: நான் ஸ்கூல் டீச்சர், புரோகிராமிங் தெரியாது. மாட்யூல் சிஸ்டம்னா என்னன்னு எனக்கும் புரியுற மாதிரி சொல்ல முடியுமா?

நம்ம வீட்டு அஞ்சறைப் பெட்டியை நினைச்சுக்கோங்க டீச்சர். கடுகு ஒரு கிண்ணம், சீரகம் ஒரு கிண்ணம், ஒண்ணு இன்னொண்ணுல கலக்காது, சமைக்கிறவங்க எது வேணுமோ அதை மட்டும் எடுத்துப்பாங்க. பெரிய புரோகிராமையும் அப்படித்தான் துண்டு துண்டா பிரிச்சு வெப்பாங்க. எந்தத் துண்டுக்கு என்ன பேரு, அதுக்குள்ள இருக்கிறதுல எதை வெளியாள் தொடலாம், எதைத் தொடக்கூடாது, பக்கத்து வீட்டுல இருந்து ஒரு கிண்ணம் கடன் வாங்கினா அது போன வருஷத்து சரக்கா இந்த வருஷத்து சரக்கா, இதையெல்லாம் முடிவு பண்ற சட்டதிட்டம்தான் மாட்யூல் சிஸ்டம். அந்தக் கடைசி விஷயம், சரக்கு எந்த வருஷத்துதுங்கிற வெர்ஷன் விவகாரம், அதுலதான் பெரிய பெரிய ஆளுங்களுக்கே தலைவலி வரும். கீழ வர்ற கேள்வி எல்லாம் அந்தத் தலைவலியைப் பத்தித்தான்.

கேள்வி: அண்ணா, நானும் காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரும் ஒன்றரை வருஷமா ராத்திரி ராத்திரி உக்காந்து ஒரு சின்ன புரோகிராமிங் லாங்குவேஜ் எழுதிட்டு இருக்கோம். கம்பைலர் (எழுதின கோடை மெஷினுக்குப் புரியுற மாதிரி மாத்துற புரோகிராம்) ஓடுது. மாட்யூல் சிஸ்டம் மட்டும் பாதியில நிக்குது, இம்போர்ட் (வேற மாட்யூலை உள்ள கொண்டுவர்றது) வேலை செய்யுது, வெர்ஷன் விஷயம் முடிவாகல. இதுவரைக்கும் ஒரு நாப்பது பேர் டவுன்லோட் பண்ணியிருக்காங்க. அவங்ககிட்ட இப்பவே காட்டி கருத்து கேக்கலாமா, முடிச்சுட்டுக் காட்டலாமா? பாதியில காட்டினா பேரு கெட்டுடும்னு ஒரு ஃப்ரெண்ட் பயப்படுறான்.

இப்பவே காட்டுங்க தம்பி. குழம்பு அடுப்புல கொதிச்சிட்டு இருக்கும்போதே கரண்டியில எடுத்து உள்ளங்கையில விட்டு உப்பு பாத்துடணும், இறக்கி இலையில ஊத்தினப்புறம் உப்பு பத்தலன்னா மேல தூவிக்கத்தான் முடியும், அது காய்க்குள்ள இறங்காது. மத்த விஷயத்தை விட மாட்யூல் சிஸ்டத்துக்கு இது ரொம்பவே பொருந்தும். ஏன்னா லாங்குவேஜ்ல ஒரு லூப் எழுதுற விதத்தை மாத்தினா அது அந்தந்த ஃபைலோட முடிஞ்சுது, ஆனா இம்போர்ட்ல வர்ற பேரும் பாதையும் அடுத்தவங்க ரெப்போல (கோடு சேத்து வெக்கிற இடம்), அவங்க ரீட்மீல (அதோட விளக்கக் குறிப்பு), யாரோ ஒருத்தர் யூடியூப்ல போட்ட பாடத்துல, எங்கயோ ஒரு சர்வர்ல ராத்திரி ரெண்டு மணிக்கு தானா ஓடுற பில்டுல (கோடை புரோகிராமா கட்டுற வேலை) எல்லாம் போய் உக்காந்துடும். நாப்பது பேர் இருக்கும்போது அதை மாத்த ஒரு சனிக்கிழமை போதும். நாலாயிரம் பேர் ஆனப்புறம் மாத்துறது ஊரையே இடம் மாத்துற மாதிரி.

கோ லாங்குவேஜ் கதையைப் பாருங்க. 2009 நவம்பர்ல வெளிய விட்டாங்க, 2012 மார்ச்ல கோ 1 வந்தப்ப "கோ கெட்"னு ஒரு கமாண்ட் இருந்துச்சு, அது நீங்க சொன்ன ரெப்போல இன்னைக்கு என்ன கோடு இருக்கோ அதை அப்படியே இறக்கிட்டு வரும், வெர்ஷன்ங்கிற பேச்சே அதுல கிடையாது. நேத்து ஓடின புரோகிராம் இன்னைக்கு ஓடலன்னா எங்கயோ யாரோ ஒரு வரி மாத்தியிருக்காங்கன்னு அர்த்தம். அது போதாதுன்னு உங்க கோடு எல்லாமே கோபாத்னு ஒரே ஃபோல்டருக்குள்ளதான் இருக்கணும். ஜனங்க பொறுத்துப் பாத்துட்டு ஆளாளுக்கு ஒரு டூல் எழுதிக்கிட்டாங்க, கோடெப், கிளைட், கோவெண்டர்னு. ஒரு புராஜெக்ட்ல கோடெப், அது இழுக்குற லைப்ரரில (அடுத்தவங்க எழுதி வெச்ச, நாம எடுத்துப் பயன்படுத்துற கோடு) கிளைட், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசாது. கடைசியில 2018 பிப்ரவரி 20 அன்னைக்கு கோ டீமோட ரஸ் காக்ஸ் ஒரு கட்டுரைத் தொடரை ஆரம்பிச்சார், கூடவே "விகோ"ன்னு ஒரு மாதிரி டூலையும் வெளிய விட்டார். அந்த டூல் முழுசா முடிஞ்சது இல்ல, ஆனா ஆளுங்க தன் சொந்த புராஜெக்ட்ல ஓட்டிப் பாக்குற அளவுக்கு இருந்துச்சு. ஆறு மாசம் கழிச்சு ஆகஸ்ட் 24 கோ 1.11 வந்துச்சு, மாட்யூல் உள்ள இருந்துச்சு, ஆனா "இது சோதனை, மாறலாம்"னு வெளிப்படையா எழுதி. நிஜ வேலைக்கு பயன்படுத்தலாம்னு சொன்னது 2020 பிப்ரவரில 1.14 வந்தப்பதான், எல்லாருக்கும் டீஃபால்ட்டா ஆனது 2021 பிப்ரவரில 1.16 வந்தப்பதான். ஆக முதல்ல காட்டினதுல இருந்து மூணு வருஷம் கரண்டியை உள்ளங்கையிலயே வெச்சிருந்தாங்க.

இதுல நீங்க காப்பியடிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. 1.11ல மாட்யூலை ஆன் பண்ண ஒரு ஸ்விட்ச் வெச்சாங்க, அது ஆட்டோல இருந்தா பழைய கோபாத் ஃபோல்டருக்குள்ள எல்லாம் பழைய மாதிரியே ஓடும், அதுக்கு வெளிய ஒரு ஃபோல்டர்ல கோ டாட் மாட் இருந்தாதான் புது முறை முழிச்சுக்கும். அதாவது சோதனை பண்றவங்க சாயங்காலம் அரைமணி நேரம் புதுசை ஓட்டிப் பாத்துட்டு, காலைல ஆபீஸ் வேலையை பழசுலயே தொடரலாம், ரெண்டுக்கும் சண்டை வராது. கருத்து வேணும்னா கருத்து சொல்றவங்களுக்கு நஷ்டம் வரக்கூடாது, உங்க நாப்பது பேருக்கும் இந்த மாதிரி திரும்பிப் போக ஒரு வழி வெச்சுட்டுக் கூப்பிடுங்க.

பேரு கெடுறதைப் பத்தி உங்க ஃப்ரெண்ட்கிட்ட சொல்லுங்க, பாதின்னு சொல்லிட்டு பாதியைக் காட்டினா யாருக்கும் பேரு கெடாது, முடிஞ்சதுன்னு சொல்லிட்டு பாதியைக் காட்டினாதான் கெடும். முதல் பக்கத்துலயே எது முடிவாயிடுச்சு, எதுல இன்னும் மனசு மாறும், எது அடுத்த மாசம் கண்டிப்பா உடையும்னு மூணையும் தனித்தனியா எழுதிடுங்க. முடிவானதைப் பத்தி திரும்பத் திரும்ப கருத்து வாங்கினா சொன்னவங்களுக்கு கோவம்தான் வரும், அதனால அந்த முதல் லிஸ்ட்டை நேர்மையா எழுதுங்க.

கேள்வி: நாங்க ஆபீஸ்ல ஒரு டூல் செஞ்சு எல்லார்கிட்டயும் ஃபீட்பேக் கேட்டோம். எல்லாரும் "நல்லா இருக்கு"ன்னுதான் சொல்றாங்க, ஆனா யாரும் யூஸ் பண்ணல. என்ன கேள்வி கேக்கணும்?

எனக்கும் இதே அனுபவம் உண்டு, அதைச் சொன்னாலே பதில் வந்துடும்.

சில வருஷம் முன்னாடி நான் வேலை பாத்த இடத்துல உள்ளுக்குள்ள பயன்படுத்த ஒரு பில்டு டூல் எழுதினோம், கோடை மாட்யூல் மாட்யூலா பிரிச்சு, மாறினதை மட்டும் திரும்ப கம்பைல் பண்ற டூல். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ஃபார்ம் அனுப்பினோம், "டூல் எப்படி இருக்கு, அஞ்சுக்கு எத்தனை மார்க்". எல்லாரும் நாலு போட்டாங்க, எங்களுக்கு சந்தோஷம். அதுக்கப்புறம் ஒரு நாள் வேற வேலையா ஒரு பொண்ணு சீட்டுக்குப் பக்கத்துல போய் உக்காந்தேன், அவங்க பில்டு ஓட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் கேஷ் ஃபோல்டரை, அதாவது ஏற்கனவே கம்பைல் பண்ணினதை டூல் சேத்து வெக்கிற இடத்தை, டெலீட் பண்ணிட்டு ஓட்டுறாங்க. ஏம்மா டெலீட் பண்றீங்கன்னு கேட்டேன். "அப்படி பண்ணலன்னா சில சமயம் பழைய கோடே வருது சார், அதான் பழக்கமாயிடுச்சு"ன்னாங்க. மாறினதை மட்டும் கம்பைல் பண்ணத்தான் அந்த டூலே, அவங்க அதோட உயிரையே ஒவ்வொரு தடவையும் எடுத்துட்டு ஓட்டிட்டு இருந்தாங்க, ஃபார்ம்ல நாலு மார்க்கும் போட்டிருந்தாங்க. அவங்க பொய் சொல்லல, நாங்க கேட்ட கேள்விக்கு அவங்க நடந்ததைச் சொல்ல இடமே இல்ல. போய் தேடினா ஃபைல் பேரு மாறினா மட்டும் அதைக் கண்டுபிடிக்காத ஒரு ஓட்டை இருந்துச்சு, ரெண்டு மணி நேரத்துல சரி பண்ணிட்டோம். ஆனா அதுக்குள்ள ரெண்டு மாசம் அத்தனை பேர் நேரம் போயிடுச்சு, அது இன்னைக்கும் எனக்கு உறுத்தும்.

அதனால அபிப்பிராயம் கேக்காதீங்க, நடந்ததைக் கேளுங்க. "இம்போர்ட் முறை பிடிச்சிருக்கா"ன்னு கேட்டா ஆமா இல்லன்னு ஒரு வார்த்தை வரும், அதை வெச்சு நீங்க ஒண்ணும் பண்ண முடியாது. "போன வாரம் கடைசியா ஒரு லைப்ரரியை உள்ள கொண்டுவந்தீங்களே, அப்ப என்ன டைப் பண்ணீங்க, என்ன எரர் வந்துச்சு, அதுக்கு என்ன பண்ணீங்க, அப்படியே ஸ்கிரீன்ல இருந்து எடுத்து ஒட்டுங்க"ன்னு கேட்டா கதை வரும். அந்தக் கதையில, நீங்க நினைச்சே பாக்காத ஒரு வரி இருக்கும். கோ டீமும் இதைத்தான் செஞ்சாங்க, 2017 ஜூலைல கோ லாங்குவேஜோட அடுத்த கட்டத்தைப் பத்தி கோஃபர்கான்ங்கிற கோ மாநாட்டுல பேசும்போது ரஸ் காக்ஸ் ஜனங்ககிட்ட "அனுபவ அறிக்கை" எழுதுங்கன்னு கேட்டுக்கிட்டார், அதாவது இந்த வசதி வேணும்னு சொல்றதை விட, என்ன வேலை செய்யப் போனீங்க, எங்க மாட்டிக்கிட்டீங்க, அதனால என்ன ஆச்சுன்னு நிஜமா நடந்த ஒண்ணை எழுதச் சொன்னார். தீர்வைச் சொல்ல நாலு பேருக்கு நாலு வழி தோணும், பிரச்சனையைச் சொன்னாதான் நாலுக்கும் பொதுவா ஒரு வழி தேட முடியும்.

இன்னொண்ணு, உங்க சாம்பிள் புராஜெக்ட்டைக் கொடுத்து ஓட்டிப் பாக்கச் சொல்லாதீங்க. அதை நீங்கதானே எழுதினீங்க, அதுல எல்லாம் ஓடும். அவங்க சொந்த புராஜெக்ட், அதுலயும் கொஞ்சம் அழுக்கான பழைய புராஜெக்ட்டை எடுத்து ஓட்டச் சொல்லுங்க. முடிஞ்சா பக்கத்துல உக்காந்து, வாயைத் திறக்காம பாருங்க. அவங்க திணறும்போது "அங்க கிளிக் பண்ணுங்க"ன்னு சொல்ல நாக்கு துடிக்கும், அடக்கிக்கோங்க, அவங்க திணறுற அந்த முப்பது செகண்டுக்காகத்தான் நீங்க அங்க போயிருக்கீங்க.

கேள்வி: ரஸ்ட் லாங்குவேஜ்ல ரெண்டு டிசைனை காட்டி எது வேணும்னு கேட்டாங்கன்னு ஒரு நண்பர் சொன்னார். உண்மையா? அது நல்ல வழியா?

உண்மைதான், ஆனா அந்த இடத்துக்கு அவங்க நேரா வந்து சேரல.

ரஸ்ட் கத்துக்க வர்றவங்க மாட்யூல் கிட்ட வந்ததும் குழம்புறாங்கன்னு ரொம்ப நாளா பேச்சு இருந்துச்சு. மெயின் ஃபைல்ல சரியா வேலை செய்யுற ஒரு பாதை, அதையே எடுத்து உள்ள இருக்கிற ஃபைல்ல போட்டா வேலை செய்யாது, ஏன்னு கேட்டா ஒரு பக்கத்துக்கு விளக்கம் சொல்லணும். 2017ல அதைச் சரி பண்ண இறங்கினாங்க. முதல்ல வந்த யோசனை கொஞ்சம் பெருசு, மாட் னு ஒரு வரி எழுதி ஃபைலை அறிவிக்கிற வழக்கத்தையே எடுத்துட்டு, ஃபோல்டர்ல ஃபைல் இருந்தாலே அது மாட்யூல்னு எடுத்துக்கலாம்னு. அதுக்கு எதிர்ப்பு கடுமையா வந்துச்சு, பழகினவங்க "எந்த ஃபைல் உள்ள வருது, எது வரலங்கிறதை என் கையால எழுதணும், ஒரு வரியை கமெண்ட் பண்ணா அந்த ஃபைல் மொத்தமா விலகணும், அது எனக்கு வேணும்"னாங்க. அவங்க அதை மூடிட்டு திரும்ப எழுதினாங்க, அதையும் திருத்தி திரும்ப எழுதினாங்க, 2126ங்கிற நம்பர்ல வந்த யோசனைதான் கடைசியில நின்னுச்சு. மாட் வரி அப்படியே இருந்துச்சு, வெளிய இருந்து வர்ற லைப்ரரியை (ரஸ்ட்ல அதை கிரேட்ம்பாங்க) அறிவிக்க எக்ஸ்டர்ன் கிரேட்னு எழுதுற வரி பெரும்பாலும் தேவையில்லாம போச்சு, நம்ம சொந்தக் கோடுல இருந்து எடுக்கிறதுன்னா பாதையை கிரேட்ங்கிற வார்த்தையில ஆரம்பிக்கணும்னு ஆச்சு.

அதுக்கப்புறமும் ஒரு முடிச்சு பாக்கி இருந்துச்சு, யூஸ் வரியில (ரஸ்ட்ல இம்போர்ட் பண்ற வரி) பாதை எங்க இருந்து ஆரம்பிக்கணும்ங்கிறது. அதுக்குத்தான் நீங்க சொன்ன ரெண்டு டிசைன். ஒண்ணுல பாதை எப்பவும் ஒரு கிரேட் பேர்ல இல்லன்னா கிரேட், செல்ஃப், சூப்பர் மாதிரி ஒரு வார்த்தையிலதான் ஆரம்பிக்கணும், இன்னொண்ணுல யூஸ் வரியில வர்ற பாதையும் கோடுக்குள்ள வர்ற பாதையும் ஒரே மாதிரி வேலை செய்யணும். ரெண்டையும் நைட்லி கம்பைலர்ல, அதாவது தினமும் வெளிய வர்ற சோதனை கம்பைலர்ல வெச்சு, ஓட்டிப் பாத்து சொல்லுங்கன்னு கேட்டாங்க. 2018 டிசம்பர் 6 அன்னைக்கு ரஸ்ட் 1.31 வந்தப்ப முதல் டிசைனைத்தான் வெளிய விட்டாங்க, ஏன்னா அதுல எழுதினது எல்லாம் ரெண்டாவதுலயும் செல்லும், ரெண்டாவதுல எழுதினது எல்லாம் முதல்ல செல்லாது. ஆறு வாரம் கழிச்சு 2019 ஜனவரில 1.32ல ரெண்டாவது டிசைன் நிலையாச்சு, யாரோட கோடும் உடையல. முடிவு தள்ளிப் போகும்போது, இருக்கிற ரெண்டுல இறுக்கமானதை முதல்ல விட்டா பின்னாடி தளர்த்திக்கலாம், தளர்வா விட்டா இறுக்க முடியாது. உங்களுக்கு ரெண்டு டிசைன்ல சந்தேகம் இருந்தா ரெண்டையும் ஓட விட்டுக் காட்டுறது நல்ல வழிதான், ஆனா ரெண்டும் நிஜமா ஓடணும். பேப்பர்ல காட்டி எது அழகுன்னு கேட்டா அழகைப் பத்திதான் பதில் வரும்.

கேள்வி: பேசாம ஓட்டெடுப்பு வெச்சு முடிச்சிடலாமே? ஜாவால ஓட்டு போட்டாங்களாமே?

போட்டாங்க, ஆனா அது கருத்து கேக்குறதுக்கான ஓட்டு இல்ல, கடைசி வாசப்படியில நடந்த ஓட்டு. ஜாவாவோட மாட்யூல் வேலை ஜிக்சா, 2008ல ஆரம்பிச்சது, ஜாவா 7ல வரும்னாங்க, 8ல வரும்னாங்க, 9க்குப் போச்சு. 2017 மே மாசம் ஜாவாவோட கமிட்டில ஓட்டுக்கு விட்டப்ப 13 பேர் எதிர்த்து, 10 பேர் ஆதரிச்சு, விழுந்துச்சு. ரெட் ஹேட், ஐபிஎம் ரெண்டும் எதிர்த்தவங்க பக்கம். அடுத்த மாசம் திரும்ப ஓட்டு, 24 பேர் ஆதரவு, எதிர்ப்பே இல்ல, ரெட் ஹேட் மட்டும் எந்தப் பக்கமும் ஓட்டு போடல. செப்டம்பர் 21 ஜாவா 9 வெளிய வந்துச்சு.

ஆனா ஜிக்சாவை நிஜமா மாத்தினது அதுக்கு முன்னாடி பின்னாடி வந்த சின்னச் சின்ன புகார்கள்தான்னு நான் நினைக்கிறேன். ஒண்ணு சொல்றேன். மாட்யூலா மாறாத பழைய ஜார் ஃபைலை (ஜாவா லைப்ரரியைக் கட்டி வெக்கிற ஃபைல்) புது முறைக்குள்ள போட்டா, அதோட மாட்யூல் பேரை ஜார் ஃபைல் பேர்ல இருந்தே ஜாவா ஊகிச்சுக்கும். மேவன்ங்கிற ஜாவா பில்டு டூல் பக்கத்துல இருந்தவங்க உடனே கையைத் தூக்கினாங்க, ஃபைல் பேரு நிலையானது இல்ல, ஒரே லைப்ரரி ஒரு இடத்துல ஒரு பேர்லயும் இன்னொரு இடத்துல வேற பேர்லயும் கிடக்கும், நாளைக்கு அந்த ஊகிச்ச பேரை நம்பி பத்து லைப்ரரி வந்துட்டா யாரும் அதை மாத்த முடியாதுன்னு. அதனால வந்ததுதான் மேனிஃபெஸ்ட்ல (ஜாருக்குள்ள இருக்கிற விவரக் குறிப்பு) ஆட்டோமேட்டிக் மாட்யூல் நேம்னு ஒரு வரி, லைப்ரரி எழுதினவர் இன்னும் மாட்யூலா மாத்தலன்னாலும் "என் பேரு இதுதான்"னு முன்கூட்டியே சொல்லி வெச்சிடலாம். ஒரு வரிதான், ஆனா தினமும் ஆயிரக்கணக்கான ஜார் ஃபைலோட புழங்குறவங்களுக்குத்தான் அது கண்ணுல படும். அதே மாதிரி ஜேடிகேவோட (ஜாவால எழுதத் தேவையான மொத்த டூல் தொகுப்பு) உள் பாகங்களை ஒரேயடியா பூட்டிடலாம்னு இருந்தது, நிறைய லைப்ரரி உடையும்னு சொன்னதால 9ல எச்சரிக்கை மட்டும் கொடுத்து விட்டு, 16ல டீஃபால்ட்டா பூட்டி, 17ல இறுக்கிப் பூட்டினாங்க.

ஓட்டுல இதெல்லாம் வராது. பத்துக்கு ஒன்பது பேர் ஆமான்னு சொல்லி, பத்தாவது ஆள் மட்டும் "இது என் பில்டை உடைக்குது"ன்னு சொன்னா, நீங்க முதல்ல போய் பாக்க வேண்டியது அந்தப் பத்தாவது ஆளைத்தான்.

கேள்வி: ஆளைக் கேக்குறதுக்கு பதிலா டூலே தானா தகவல் அனுப்பினா போதாதா?

எத்தனை பேர் எந்த கமாண்ட் ஓட்டுறாங்கன்னு தெரியும், ஏன் ஓட்டுறாங்கன்னு தெரியாது, அந்தப் பொண்ணு கேஷை டெலீட் பண்ணது எந்த டெலிமெட்ரிலயும் வந்திருக்காது. அனுமதி விஷயமும் இருக்கு. 2023 பிப்ரவரில கோ டூல்ஸ்ல தானா தகவல் போகட்டும், வேண்டாம்னா நிறுத்திக்கலாம்னு யோசனை வந்தப்ப ஜனங்க ஒத்துக்கல, அதைக் கேட்டு "வேணும்னு சொல்றவங்ககிட்ட மட்டும்"னு மாத்தினாங்க, 2024 ஆகஸ்ட்ல 1.23ல அப்படித்தான் வந்துச்சு. நீங்களும் முதல்லயே கேட்டுட்டு எடுங்க.

கேள்வி: வருஷக்கணக்கா உழைச்சு ஒரு கருத்து சொன்னவங்க பேச்சை கேக்காம வேற வழியில போனா, அது எப்படி நியாயம்? கோ லாங்குவேஜ்ல டெப் டூலுக்கு நடந்தது அதுதானே?

இந்தக் கேள்வியில இருக்கிற வருத்தம் எனக்குப் புரியுது. தெரியாதவங்களுக்கு சுருக்கமா, 2016ல கோ சமூகத்துல ஒரு சின்ன கமிட்டி சேர்ந்து லைப்ரரி வெர்ஷனைப் பாத்துக்க டெப்னு ஒரு டூல் செஞ்சாங்க, 2017 ஜனவரில வெளிய வந்துச்சு, அதிகாரபூர்வ சோதனைன்னே அதுக்குப் பேரு, நிறைய பேர் அதுக்கு மாறினாங்க. இதுதான் நாளைக்கு கோவுக்குள்ள போகும்னு எல்லாரும் நினைச்சிட்டு இருந்தப்பதான் 2018 பிப்ரவரில விகோ வந்துச்சு, அது வேற வழி.

என்ன வித்தியாசம்னா, உங்க புராஜெக்ட் ரெண்டு லைப்ரரியை இழுக்குது, ஒண்ணு ஒரு மூணாவது லைப்ரரியோட 1.2 போதும்ங்குது, இன்னொண்ணு 1.4 வேணும்ங்குது, வெளிய 1.9 வரைக்கும் வந்திருக்கு. டெப் மாதிரி டூல் அனுமதிச்ச வரைக்கும் புதுசை, 1.9ஐ எடுக்கப் பாக்கும். விகோ 1.4ஐ எடுக்கும், கேட்டதுல எது பெருசோ அது போதும், அதுக்கு மேல யாரும் சோதிச்சுப் பாக்கலங்கிறது அதோட வாதம். கூடவே ஒரு லைப்ரரி பழசோட ஒத்துப் போகாத ரெண்டாவது பெரிய வெர்ஷன் விட்டா, இம்போர்ட் பாதையோட கடைசியிலயே வி2ன்னு எழுதணும்னு சொல்லுச்சு. இந்த வி2க்கு வந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சம் இல்ல, எல்லா ஃபைல்லயும் இம்போர்ட் வரியை மாத்தணுமேன்னு. அதை அவங்க விட்டுக் கொடுக்கல. ஆனா அந்த முறைக்கு மாறாத பழைய லைப்ரரிகளை ஒதுக்காம, வெர்ஷன் நம்பர் பின்னாடி பிளஸ் இன்கம்பேட்டிபிள்னு ஒரு அடையாளம் போட்டு உள்ள விட்டாங்க.

தொழில்நுட்பமா பாத்தா எனக்கு விகோ வழி பிடிக்கும். ஆனா ஒரு கூட்டத்தை ரெண்டு வருஷம் நம்ப விட்டுட்டு திசை மாறினது அவங்களுக்கு வலிச்சுது, அந்த வலி நியாயமானது, டெக்னிக்கல் காரணம் சரியா இருந்தா அது ஆறிடும்னு நினைக்கிறது தப்பு. கருத்து கேக்குறவங்க எல்லாத்தையும் ஏத்துக்கணும்னு யாரும் எதிர்பாக்கல, "நீ சொன்னதைப் படிச்சேன், இந்தக் காரணத்துக்காக வேற மாதிரி போறேன்"னு சீக்கிரமா, நேரா, பேர் சொல்லி சொல்லணும். கேட்டு மாத்தினதையும் எழுதணும். விகோ கட்டுரைகள்ல, இழுக்குற லைப்ரரியோட பிரதியை புராஜெக்ட்டுக்குள்ளயே வெக்கிற வெண்டர் ஃபோல்டரே இனிமே வேண்டாம்னு இருந்துச்சு, ஆபீஸ்கள்ல இருந்து "எங்க கோடு எல்லாம் எங்ககிட்டயே ஒரு பிரதி இருக்கணும்"னு கருத்து வந்ததும் வெச்சுக்கிட்டாங்க, ஜனங்க சொன்னதாலதான் வெச்சோம்னு டிசைன் டாக்குமெண்ட்லயே எழுதினாங்க. அந்த ஒரு வரியைப் படிச்சா கருத்து சொன்னவர் அடுத்த தடவையும் சொல்ல வருவார். சிலதுக்கு பதில் லேட்டாதான் வரும், ரெண்டு மூணு மாட்யூலை ஒண்ணா எடிட் பண்றவங்க கோ டாட் மாட்ல ரீப்ளேஸ் வரியைப் (இந்த மாட்யூலுக்கு பதிலா என் மெஷின்ல இருக்கிறதை எடுன்னு சொல்றது) போட்டுட்டு தெரியாம கமிட் பண்ணிடுறோம்னு (ரெப்போல சேத்துடுறோம்னு) ரொம்ப நாள் புலம்பினாங்க, அதுக்கு வழியா கோ டாட் வொர்க்ங்கிற ஃபைல் 2022 மார்ச்ல 1.18லதான் வந்துச்சு. லேட்டானாலும் புகாரை மூடாம திறந்து வெச்சிருங்க.

கேள்வி: நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகுது. எனக்கு இங்கிலீஷ் சரியா வராது. பெரிய லாங்குவேஜ் புராஜெக்ட்ல போய் கருத்து சொன்னா மதிப்பாங்களா?

மதிப்பாங்கம்மா. கோ புராஜெக்ட்ல புகார் எழுதப் போனா அங்க கேக்குற முக்கியமான கேள்வி மூணுதான், என்ன பண்ணீங்க, என்ன நடக்கும்னு எதிர்பாத்தீங்க, என்ன நடந்துச்சு. கூட வெர்ஷன் என்ன, எந்த மெஷின்னு கேப்பாங்க. இதுல ரெண்டு பதில் கமாண்டும் அது கக்கின எரரும்தான், காப்பி பேஸ்ட், அதுக்கு இங்கிலீஷே வேண்டாம். பாக்கி ஒரு வரி, "நான் இது வரும்னு நினைச்சேன்", அதை எவ்வளவு தப்பா எழுதினாலும் புரிஞ்சுப்பாங்க. ஸ்கிரீன்ஷாட் போடாம எழுத்தா ஒட்டுங்க, தேடினா கிடைக்கும். பிரச்சனை வர்ற உங்க புராஜெக்ட்டை கொஞ்சம் கொஞ்சமா வெட்டி, ரெண்டே ரெண்டு ஃபைல்ல அதே எரர் வர்ற வரைக்கும் சின்னதாக்கி அனுப்புங்க, அது பத்துப் பக்க இங்கிலீஷ் கட்டுரையை விட மேல். அதோட ஒரு வருஷ அனுபவம்ங்கிறதை குறையா நினைக்காதீங்க, பத்து வருஷம் பழகினவங்களுக்கு கல்லு எங்க இருக்குன்னு காலுக்கே தெரியும், தாண்டிப் போயிடுவாங்க. தடுக்கி விழுறது நீங்கதான், அதனால கல்லு இருக்குன்னு சொல்ல முடிஞ்சவங்களும் நீங்கதான்.

கேள்வி (மேல லாங்குவேஜ் எழுதுற தம்பியே இன்னொரு மெயில்ல): நாப்பது பேரையும் கேக்கணுமா? எத்தனை பேர் போதும்?

பத்து பேர் போதும், ஆனா பத்து பேரும் உங்க மாதிரியே லினக்ஸ் லேப்டாப் வெச்சிருக்கிற உங்க காலேஜ் பசங்களா இருந்தா ஒருத்தரைக் கேட்ட மாதிரிதான். நெட் சரியா இல்லாத இடத்துல வேலை பாக்குற ஒருத்தர், கோடை வெளிய காட்டக்கூடாத கம்பெனில இருக்கிற ஒருத்தர், இவங்க கண்டிப்பா வேணும். 2019 செப்டம்பர்ல கோ 1.13 வந்தப்ப மாட்யூல் எல்லாம் பொது பிராக்ஸி (நடுவுல இருக்கிற சர்வர்) வழியா வந்துச்சு, செக்சமையும் (கோடு மாறலன்னு காட்டுற அடையாள எண்) பொது சர்வர்ல சரி பாத்துச்சு, பிரைவேட் ரெப்போ வெச்சிருந்தவங்களுக்கு "410 Gone"னு (நீங்க கேட்டது இங்க இல்ல) எரர் வந்து நின்னுச்சு, ஏன்னா அந்த ரெப்போ வெளியில இருக்கிற சர்வருக்கு தெரியவே தெரியாது. இந்த ரெப்போவை வெளிய கேக்காதேன்னு சொல்ல கோபிரைவேட்னு ஒரு செட்டிங் அதே 1.13ல இருந்துச்சு, அதைத் தெரிஞ்சவங்க தப்பிச்சாங்க, தெரியாதவங்க தேடி அலைஞ்சாங்க.

அப்புறம் விண்டோஸ் இல்லன்னா மேக் வெச்சிருக்கிற ஒருத்தர். கோ உலகத்துல ரொம்ப பேர் பயன்படுத்துற ஒரு லாக் லைப்ரரி (புரோகிராம்ல நடக்கிறதைப் பதிவு பண்றது), அதை எழுதினவர் தன் யூசர்நேம்ல முதல் எழுத்தை கேப்பிடல்ல இருந்து ஸ்மாலுக்கு மாத்தினார், அவ்வளவுதான், எங்கெங்கயோ பில்டு உடைஞ்சுது, பழைய பேர்ல ஒரு லைப்ரரி இழுக்கும், புதுப் பேர்ல இன்னொண்ணு இழுக்கும், ரெண்டும் வேறன்னு கம்பைலர் சொல்லும், ரெண்டும் ஒரே ஃபோல்டர்னு மேக்கும் விண்டோஸும் சொல்லும். இன்னைக்கு உங்க மெஷின்ல கோ மாட்யூல் கேஷ் ஃபோல்டரைத் திறந்து பாருங்க, பேர்ல கேப்பிடல் எழுத்து வர்ற இடத்துல எல்லாம் ஒரு ஆச்சரியக்குறி போட்டு ஸ்மால் எழுத்தா வெச்சிருப்பாங்க, இந்த ரெண்டு பேரும் எந்த மெஷின்லயும் மோதிக்கக்கூடாதுன்னு. உங்க லாங்குவேஜ்ல இம்போர்ட் பேரை டிஸ்க்ல எப்படி எழுதி வெக்கிறீங்கன்னு நீங்க மெயில்ல சொல்லல. லினக்ஸ்ல மட்டும் ஓட்டிப் பாத்திருந்தா இந்த வாரமே ஒரு விண்டோஸ் மெஷின்ல ரெண்டு மாட்யூலை, பேர்ல ஒரே ஒரு எழுத்து மட்டும் கேப்பிடலா மாத்தி, ஒண்ணா இம்போர்ட் பண்ணிப் பாருங்க, என்ன வருதுன்னு அந்த எரரை அப்படியே எனக்கு அனுப்புங்க.